எல்லைப்புறம் புதிய அரசைப் பற்றி என்ன நினைத்தது: ஒரு கௌண்டியை எடுத்து ஆராயும் முறை

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் 1787–88-இல் ஒப்புதலுக்கு வந்தபோது, அதை ஏற்பதா என்று மாநிலங்கள் பிரதிநிதிகளின் மாநாட்டைக் கூட்டி வாக்கெடுத்தன. கடற்கரை ஆதரித்தது, மலைக்கு மேற்கே இருந்த எல்லைப்புறம் எதிர்த்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். இது பாதிதான் சரி. ஒரு பக்கம் கிரீக் பழங்குடி மக்களோடு மோதல், இன்னொரு பக்கம் ஸ்பெயினின் ஃப்ளோரிடா என்று நெருக்கடியில் இருந்த மாநிலம் ஜார்ஜியா. அதன் மாநாட்டில் 26 பிரதிநிதிகளும் ஆதரித்தே வாக்களித்தார்கள், 1788 ஜனவரி 2 அன்று ஒப்புதல் கையெழுத்தானது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் ஒரு வட்டாரம். அங்கிருந்து ரிச்மண்டில் கூடிய வர்ஜீனியா மாநாட்டுக்குப் போன 14 பேரில் ஆதரித்தவர்கள் 3 பேர் மட்டுமே. அதே மண்டபத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கிலிருந்தும் இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். ரிச்மண்டின் முடிவு 89–79. அந்த மலைநாட்டு வாக்குகள் மறுபக்கம் விழுந்திருந்தால் வர்ஜீனியா சட்டத்தை ஏற்றிருக்காது.

ஆகவே ‘எல்லைப்புறத்தின் கருத்து’ என்று ஒன்றைத் தேடிப் போகாதீர்கள். ஒரே ஒரு கௌண்டியை, அதாவது மாநிலத்துக்குள் ஒரு மாவட்டத்தை எடுத்து, அதன் ஆறு எங்கே போகிறது, அதன் அண்டை யார், வரியை எதில் கட்டவேண்டும், நீதிமன்றம் எவ்வளவு தூரம் என்று பார்த்த பிறகு அங்கே யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு வாருங்கள். இந்த வரிசை முக்கியம். பேச்சிலிருந்து தொடங்கினால், சத்தமாகப் பேசியவர்களே எல்லைப்புறமாகத் தெரிவார்கள்.

கீழே உதாரணத்துக்கு எடுத்திருப்பது பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் கௌண்டி. முறை எந்தக் கௌண்டிக்கும் பொருந்தும்.

முதலில் கௌண்டியும் தேதியும்

பெயரை மட்டும் நம்பினால் முதல் நாளே தடுமாறுவீர்கள். வாஷிங்டன் என்ற பெயரில் அன்றைக்கே பென்சில்வேனியா, வர்ஜீனியா, மேரிலாண்ட், நியூயார்க், வட கரோலினா என்று பல மாநிலங்களில் கௌண்டிகள் இருந்தன. வட கரோலினாவின் வாஷிங்டன் இன்று டென்னசியில் இருக்கிறது. ஃபேயட் கௌண்டியும் இரண்டு உண்டு. ஒன்று பென்சில்வேனியாவில், மற்றது கென்டக்கியில். இரண்டுமே எல்லைப்புறம், இரண்டிலும் எதிர்ப்பு வாக்கு உண்டு. குறிப்பேட்டில் ‘ஃபேயட்’ என்று மட்டும் எழுதி வைத்தால் பிறகு பிரிக்கவே முடியாது. எப்போதும் மாநிலத்தின் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

அடுத்த சிக்கல் எல்லைக்கோடு. பிட்ஸ்பர்க் இன்று அலகேனி கௌண்டியின் தலைநகர். அலகேனி உருவானதோ 1788 செப்டம்பரில். பென்சில்வேனியா மாநாடு வாக்களித்த 1787 டிசம்பரில் பிட்ஸ்பர்க் வெஸ்ட்மோர்லாண்டுக்குள் இருந்தது. ஆகவே வெஸ்ட்மோர்லாண்டின் எதிர்ப்பு வாக்கு பிட்ஸ்பர்க்குக்கும் சேர்த்துத்தான் எண்ணப்பட்டது. வாஷிங்டன் கௌண்டியின் வடபகுதியும் பின்னால் அலகேனிக்குப் போனது. இதனால் ஒரே மனிதரின் ஒரே வீடு 1787-இல் ஒரு கௌண்டியிலும் 1794-இல் இன்னொரு கௌண்டியிலும் இருக்கும். சிகாகோவின் நியூபெர்ரி நூலகம் கௌண்டி எல்லைகளின் வரலாற்று வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேதியைக் கொடுத்தால் அன்றைய கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுங்கள்: உங்கள் மாநிலத்தின் ஒப்புதல் வாக்கெடுப்பு நாள் ஒன்று, அதிலிருந்து ஐந்தாறு ஆண்டு தள்ளி ஒன்று. ஒரே தேதியை எடுத்தால் கிடைப்பது ஒரு புகைப்படம்தான். கருத்து எதனால் மாறியது என்று அது காட்டாது.

தாளில் நான்கு கேள்விகள்

ஆறு. அப்பலாச்சிய மலைக்கு மேற்கே விளைந்ததை மலையேற்றி கிழக்கே கொண்டுபோவது கட்டுப்படியாகாது. ஒஹையோவில் படகு விட்டு மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸ் போவதுதான் வழி. அந்த வாயிலை ஸ்பெயின் 1784-இல் அமெரிக்கர்களுக்கு மூடியது. 1786 ஆகஸ்டில், ஸ்பெயினோடு வணிக ஒப்பந்தம் பேசும் ஜான் ஜே மிசிசிப்பி உரிமையைச் சில பத்தாண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று காங்கிரஸில் வட மாநிலங்கள் 7 வாக்களித்தன. தென் மாநிலங்கள் 5 எதிர்த்தன. அன்றைய விதிப்படி ஒப்பந்தத்துக்கு 9 மாநிலங்கள் வேண்டும் என்பதால் அது நின்றுபோனது. புதிய சட்டமோ, அவையில் இருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்றது. ரிச்மண்டில் எதிர்த்தவர்கள் கணக்கைப் போட்டே காட்டினார்கள்: 13 மாநிலங்களுக்கு 26 செனட்டர்கள், அவை கூட 14 பேர் போதும், அதில் மூன்றில் இரண்டு பங்கு 10 பேர். ஐந்து மாநிலங்களின் செனட்டர்கள் நினைத்தால் மிசிசிப்பி போய்விடும்! கென்டக்கியின் எதிர்ப்பை ‘சுதந்திர வேட்கை’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். அந்த வாக்குகளின் முதுகெலும்பே இதுதான்.

உங்கள் கௌண்டியின் ஓடை எந்த ஆற்றில் சேர்கிறது என்று விரல் வைத்துப் பின்தொடருங்கள். வாஷிங்டனின் ஓடைகள் மொனொங்கஹீலாவிலும் ஒஹையோவிலும் கலக்கின்றன. ஷெனண்டோவாவின் நீரோ பொட்டோமேக் வழியாகக் கிழக்கே அட்லாண்டிக் கடலுக்கு ஓடுகிறது. ஷெனண்டோவா உழவருக்கு ஸ்பெயின் தாழ்ப்பாள் போட்டதால் நேரடி நஷ்டம் இல்லை. ஒரே மாநிலத்துக்குள் கருத்து ஏன் பிரிந்தது என்பதில் கணிசமான பகுதிக்கு இந்த நீர்ப்பிரிகோடே விடை சொல்லும்.

அண்டை. பிரிட்டன் 1783-இல் விட்டுக்கொடுத்த டெட்ராய்ட், நயாகரா, ஆஸ்விகோ, மிசிலிமாக்கினாக் கோட்டைகளில் 1796 வரை அதன் படையே இருந்தது. தாக்குதல் வரும் என்று அஞ்சிய ஊர் வலிமையான அரசையும் படையையும் கேட்டது. ஜார்ஜியாவின் 26–0 அந்த அச்சத்தின் எண். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: படை கேட்டு ஆதரித்தவர்கள், அந்த அரசு படையை அனுப்பாமல் உடன்படிக்கை செய்தால் கொதிப்பார்கள். 1790 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க்கில் கிரீக் தலைவர் அலெக்சாண்டர் மக்கில்லிவ்ரேயோடு ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் அரசு ஒப்பந்தம் செய்தபோது, நிலம் பறிபோனது என்று ஜார்ஜியாவிலிருந்துதான் கடும் எதிர்ப்பு வந்தது. இரண்டு ஆண்டில் மனம் திரும்பிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. அவர்கள் கேட்டது இரண்டு முறையும் ஒன்றுதான். அரசு கொடுத்தது வேறு.

அண்டை என்று இங்கே எழுதியிருப்பது யோசித்தே. ஒஹையோவுக்கு வடக்கே இருந்த பழங்குடி நாடுகளுக்கும் புதிய அரசைப் பற்றிக் கருத்து இருந்தது. அதுவும் எல்லைப்புறக் கருத்துதான். 1786 டிசம்பரில் டெட்ராய்ட் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஹியூரான் ஊரில் கூடிய பழங்குடிக் கூட்டமைப்பு காங்கிரஸுக்கு ஒரு செய்தி அனுப்பியது. நிலம் பற்றிய உடன்படிக்கைகள் எல்லோரும் சேர்ந்த கூட்டமைப்போடு மட்டுமே செய்யப்படவேண்டும், தனித்தனியாகச் செய்தவை செல்லாது, நில அளவைக்காரர்கள் ஒஹையோவைத் தாண்டக் கூடாது என்றது அது. கூட்டாட்சியா தனித்தனி மாநிலங்களா என்று பிலடெல்ஃபியாவில் விவாதம் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே, ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் தங்கள் கூட்டாட்சியை அறிவித்துவிட்டார்கள். உங்கள் தாளில் இதற்கு ஒரு பத்தி தனியாக வேண்டும், அடிக்குறிப்பு போதாது.

காசும் பத்திரமும். நேரடி வரி வந்தால் கட்டுவதற்கு நாணயம் இருந்ததா? எல்லைப்புறத்தில் பொருளுக்குப் பொருள் மாற்றுதான் அதிகம். நிலப் பத்திரம் எந்த அரசு கொடுத்தது? வாஷிங்டன் கௌண்டி நிலத்தை வர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் பல ஆண்டு உரிமை கொண்டாடின. வர்ஜீனியாச் சான்றிதழோடு குடியேறியவர்கள், பிறகு பென்சில்வேனியாவின் ஆட்சிக்குள் இருந்தார்கள். புதிய கூட்டாட்சி நீதிமன்றம் பழைய நிலவழக்குகளைக் கிளறுமோ என்ற பயம் ரிச்மண்டிலும் பேசப்பட்டது.

தூரம். இது நான்கில் மிகச் சுலபமாக அளக்கக்கூடியது. வாஷிங்டன் கௌண்டியின் தலைநகரான வாஷிங்டன் ஊரிலிருந்து பிலடெல்ஃபியா சுமார் 300 மைல், நடுவே மலைத்தொடர்கள். வழக்கு என்று அழைப்பாணை வந்தால் ஓர் உழவர் அறுவடையை விட்டுவிட்டு வாரக்கணக்கில் போகவேண்டும். 1787-இல் ‘தொலைதூர நீதிமன்றம்’ என்று எதிர்த்தவர்கள் சொன்னது வெறும் தத்துவம் இல்லை. 1794-இல் புதிய அரசின் மதுவரி அழைப்பாணைகள் பிலடெல்ஃபியா நீதிமன்றத்துக்கு வரச் சொன்னபோதுதான் துப்பாக்கி வெடித்தது; விஸ்கிக் கலகம் என்பது அதுதான்.

வாக்குப் பட்டியலைக் கட்டுவது

மாநாட்டின் பெயர்வாரி வாக்குப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கௌண்டியை எழுதுங்கள். விஸ்கான்சினில் 1976 முதல் வெளிவரும் ஒப்புதல் ஆவணத் தொகுதிகள் இதற்கு மிக நம்பகமானவை, இணையத்திலும் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஜொனதன் எலியட் தொகுத்த மாநாட்டு விவாதங்கள் எளிதில் கிடைக்கும், ஆனால் அதன் ஓட்டைகளைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

பென்சில்வேனியாவின் முடிவு 1787 டிசம்பர் 12 அன்று 46–23. மலைக்கு மேற்கே மூன்று கௌண்டிகள், 9 பிரதிநிதிகள். வெஸ்ட்மோர்லாண்டின் மூவரும் எதிர்ப்பு. ஃபேயட்டின் இருவரும் எதிர்ப்பு. வாஷிங்டனில் இரண்டுக்கு இரண்டு: ஜேம்ஸ் மார்ஷெல், ஜேம்ஸ் எட்கர் எதிர்த்தார்கள், தாமஸ் ஸ்காட், ஜான் நெவில் ஆதரித்தார்கள். இப்படிப் பிளந்த கௌண்டிதான் ஆராய்ச்சிக்குத் தங்கம். ஆறு ஒன்று, அண்டை ஒன்று, தூரம் ஒன்று. இருந்தும் நான்கு பேர் இரண்டாகப் பிரிந்தால், நான்கு கேள்விகளுக்கும் அடங்காத ஐந்தாவது ஒன்று இருக்கிறது. நெவில் பெரிய நிலக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர், போர்க்காலத்தில் பிட் கோட்டையை நடத்திய படை அதிகாரி. ஸ்காட் மாநில அரசில் பதவி வகித்தவர். கிழக்கோடு பதவி, படை, ஒப்பந்தம் என்று கயிறு கட்டியிருந்தவர்கள் எல்லைப்புறத்திலும் புதிய அரசின் பக்கம் சாய்ந்தார்கள். கென்டக்கியில் ஆதரித்த மூவரான ஹம்ஃப்ரி மார்ஷல், ராபர்ட் பிரெக்கன்ரிட்ஜ், ரைஸ் புல்லக் ஆகியோரையும் இதே கண்ணோடு பாருங்கள். பின்னிருவரும் ஜெஃபர்சன் கௌண்டிக்காரர்கள், அதாவது ஒஹையோ நீர்வீழ்ச்சியோரம் இருந்த லூயிவில்லின் கௌண்டி. ஏழு கென்டக்கிக் கௌண்டிகளில் அது ஒன்றே முழுதாக ஆதரித்தது. ஏன் என்று தேடுவது ஒரு நல்ல கட்டுரைக்குப் போதுமான கேள்வி.

வாக்குப் பட்டியலில் மூன்று இடங்களில் சறுக்கும்.

வாக்கு என்பது பிரதிநிதியுடையது, கௌண்டியுடையது அல்ல. பென்சில்வேனியாவில் தோற்ற சிறுபான்மையினர் வெளியிட்ட அறிக்கையே, மாநிலத்தின் 70,000-க்கு மேற்பட்ட சுதந்திரக் குடிகளில் சுமார் 13,000 பேர்தான் தேர்தலில் வாக்களித்தார்கள் என்றது. அது அவர்களுக்குச் சாதகமான எண் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

இடங்கள் ஆள்தொகைப்படி பங்கிடப்படவில்லை. தென் கரோலினாவில் வெள்ளையரில் பெரும்பாலோர் உள்நாட்டில் இருந்தார்கள், இடங்களில் பெரும்பாலானவை கடற்கரைக்கு. மாநாட்டைச் சார்ல்ஸ்டனில் கூட்டுவது என்ற முடிவே 76–75 என்று ஒற்றை வாக்கில்தான் நிறைவேறியது. கடைசி முடிவான 149–73-ஐ மட்டும் பார்த்தால் உள்நாட்டின் எதிர்ப்பு பாதியாகத் தெரியும்.

மூன்றாவது, ‘எதிர்ப்பு’ என்ற சொல்லே ஏமாற்றும். வட கரோலினா 1788 ஆகஸ்டில் 184–84 என்று வாக்களித்தது நிராகரிக்க அல்ல. உரிமைப் பட்டியலும் திருத்தங்களும் வராமல் ஏற்கவும் மாட்டோம், தள்ளவும் மாட்டோம் என்றுதான். அடுத்த ஆண்டு நவம்பரில் அதே மாநிலம் பெரும்பான்மையோடு ஏற்றது.

குரல்களைச் சேகரிப்பது

அச்சான விவாதங்களை நம்பி உட்கார வேண்டாம். பென்சில்வேனியா மாநாட்டைச் சுருக்கெழுத்தில் எடுத்த தாமஸ் லாயிட் வெளியிட்ட தொகுதியில் இருப்பது ஜேம்ஸ் வில்சன், தாமஸ் மெக்கீன் என்ற இரண்டு ஆதரவாளர்களின் பேச்சு மட்டுமே. எலியட்டின் தொகுப்பும் அதைத்தான் பெரிதும் பின்பற்றியது. அதைப் படித்தால் மேற்கத்தியர்கள் வாயே திறக்கவில்லை என்று தோன்றும். வெஸ்ட்மோர்லாண்டின் வில்லியம் ஃபிண்ட்லியும் ஃபேயட்டின் ஜான் ஸ்மைலியும் நாள்தோறும் வாதாடினார்கள். அவர்களுடைய வாதங்களை இன்று செய்தித்தாள் சுருக்கங்களிலிருந்தும், எதிர்த்தரப்பான வில்சன் தனக்காக எடுத்த குறிப்புகளிலிருந்தும்தான் மீட்கவேண்டியிருக்கிறது. எதிராளியின் குறிப்பிலிருந்து எடுக்கும் வாக்கியத்தை அவர்கள் சொன்ன சொல்லாக மேற்கோளில் போடாதீர்கள், சாரமாக எழுதுங்கள். 23 பேரில் 21 பேர் கையெழுத்திட்ட சிறுபான்மை அறிக்கை, 1787 டிசம்பர் 18 அன்று அச்சானது, அவர்களுடைய சொந்தச் சொற்கள். மேற்கோள் வேண்டுமென்றால் அங்கிருந்து எடுங்கள்.

செய்தித்தாளிலும் இதே பிழை உண்டு. மலைக்கு மேற்கே முதல் செய்தித்தாள் 1786 ஜூலையில் தொடங்கிய பிட்ஸ்பர்க் கெசட். அதில் எழுதிய முக்கியமானவர் ஹியூ ஹென்றி பிராக்கன்ரிட்ஜ், வழக்கறிஞர், புதிய சட்டத்தின் தீவிர ஆதரவாளர். மாநாட்டுக்கு ஃபிண்ட்லி தேர்ந்தெடுக்கப்பட்டார், பிராக்கன்ரிட்ஜ் இல்லை. கெசட்டை மட்டும் படிக்கிறவர் மேற்கு முழுவதும் ஆதரவு என்று முடிவுகட்டுவார். அச்சகம் இருந்த ஊரின் குரலும் கலப்பை ஓடிய ஊரின் குரலும் ஒன்றல்ல. லெக்சிங்டனில் 1787 ஆகஸ்டில் தொடங்கிய கென்டக்கி கெசட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

செயல்களும் குரல்தான். 1787 டிசம்பர் 26 அன்று பென்சில்வேனியாவின் கார்லைலில் ஆதரவாளர்கள் பீரங்கி வெடித்துக் கொண்டாட வந்தார்கள். எதிர்ப்பாளர்கள் தடிகளோடு வந்து விரட்டிவிட்டு அரசமைப்பின் பிரதியை நெருப்பில் போட்டார்கள். மறுநாள் வில்சன், மெக்கீன் இருவரின் கொடும்பாவிகள் எரிந்தன. கைதானவர்களை விடுவிக்க 1788 மார்ச் 1 அன்று குடிப்படைக் குழுக்கள் அணிவகுத்துச் சிறைக்கு வந்தன. இந்தக் கலவரத்துக்கு இரு தரப்புச் சாட்சியமும் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு வார இடைவெளியில் அச்சானது. இரண்டையும் இரண்டு பத்தியாக எதிரெதிரே ஒட்டிப் படியுங்கள்: யார் முதலில் கைவைத்தது என்பதில் ஒத்துப்போகாது, எது நடந்தது என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதை நிகழ்வாகவும் ஒத்துப்போகாததைக் கருத்தாகவும் எழுதுங்கள். தென் கரோலினா உள்நாட்டில் மக்கள் ஒரு சவப்பெட்டிக்குக் கறுப்பு பூசி, ஊர்வலமாகத் தூக்கிப்போய், பொதுச் சுதந்திரத்தின் சவம் என்று புதைத்தார்கள் என்று நீதிபதி ஈடானஸ் பர்க் 1788 ஜூனில் கடிதம் எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கருத்து நமக்கு வந்துசேரும் வழிகளில் இது ஒன்று.

மனுக்கள்தான் உண்மையான புதையல். வர்ஜீனிய மாநில நூலகம் சட்டமன்றத்துக்கு வந்த மனுக்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கென்டக்கிப் பகுதியிலிருந்து வந்தவையும் உண்டு. ஒரு மனுவை எடுத்தால் உரையைப் படிக்குமுன் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். கையெழுத்துகளை எண்ணுங்கள். பத்துப் பதினைந்து பெயர்கள் ஒரே கையால் எழுதப்பட்டிருந்தால், யாரோ ஒருவர் வீடுவீடாகப் போய்ச் சேர்த்திருக்கிறார், அல்லது எழுத்தறியாதவர்களுக்காக எழுதியிருக்கிறார். பெயரருகே சிலுவைக் குறி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துக் குறியுங்கள். பிறகு கோரிக்கை வாசகத்துக்கு வாருங்கள். முகப்பில் வரும் பணிவும் புகழ்ச்சியும் சட்டமன்றத்துக்கு எழுதும் மரபு, அதில் கருத்து தேடாதீர்கள். “ஆகவே வேண்டுகிறோம்” என்பதற்குப் பிறகு வருவதுதான் அவர்களுக்கு வேண்டியது. அது பெரும்பாலும் நிலம், பாதை, நீதிமன்றம், காவல் என்று இருக்கும், தத்துவம் அபூர்வம்.

ஒரே தட்டில் உள்ள இரண்டு பேரை அருகருகே நிறுத்துவதும் நல்ல பயிற்சி. மாசசூசெட்ஸ் மாநாட்டில் 1788 ஜனவரி 25 அன்று உள்நாட்டுக்காரர்கள் இருவர் பேசினார்கள். கடனும் வரியும் தாங்காமல் எழுந்த உழவர்களான ஷேஸ் கலகக்காரர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக்கிடங்கைத் தாக்கி அன்றோடு சரியாக ஓராண்டு. வூஸ்டர் கௌண்டி சட்டனைச் சேர்ந்த ஏமஸ் சிங்கிள்டரி, வழக்கறிஞர்களும் பணக்காரர்களும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, திமிங்கிலம் யோனாவை விழுங்கியதுபோல் எளியவர்களை விழுங்கிவிடுவார்கள் என்றார். பெர்க்‌ஷயர் கௌண்டியின் ஜொனதன் ஸ்மித், தான் கலப்பை பிடித்துப் பிழைக்கும் சாதாரண ஆள் என்று தொடங்கி, கலக நாட்களில் ஆயுதத்தோடு வந்தவர்களிடம் பட்டதைச் சொல்லி, அதற்கு மருந்தாகத்தான் இந்தச் சட்டத்தைப் பார்ப்பதாகச் சொன்னார். இருவருக்கும் கலகம் கண்முன்னால்தான். ஒருவர் கலகத்துக்குக் காரணமானவர்களைப் பார்த்துப் பயந்தார், மற்றவர் கலகத்தையே பார்த்துப் பயந்தார். வூஸ்டர் கௌண்டியின் வாக்கு 43–7 என்று எதிர்ப்புக்குச் சாய்ந்தது.

1794-ஐ 1787-க்குள் நுழைக்காதீர்கள்

இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். விஸ்கிக் கலகம் மேற்குப் பென்சில்வேனியாவில் நடந்தது, அங்கே அரசமைப்பு எதிர்ப்பும் இருந்தது, ஆகவே எதிர்த்தவர்களே கலகக்காரர்கள் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். வாஷிங்டன் கௌண்டியின் நால்வரைப் பின்தொடருங்கள். ஆதரித்த நெவில் 1791-இல் மதுவரி மேற்பார்வையாளர் ஆனார். 1794 ஜூலை 16–17-இல் அவருடைய பவர் ஹில் வீடு தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. எதிர்த்த மார்ஷெல், பிட்ஸ்பர்க் அருகே பிராடக் திடலில் குடிப்படை கூடவேண்டும் என்ற சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். இதுவரை கோடு நேராகத்தான் போகிறது. ஆனால் எதிர்த்த இன்னொருவரான எட்கர், ஆகஸ்டு இறுதிக் கூட்டத்தில் அரசுக்குப் பணிந்து அமைதிக்கு வரச் சொன்னவர். ஃபிண்ட்லியும் சமாதானத்துக்கே ஓடினார். அவர் 1791 முதலே புதிய காங்கிரஸில் உறுப்பினர்; தான் எதிர்த்த அரசுக்குள் நின்றுகொண்டு தன் மக்களுக்காக வாதாடினார். எதிர்ப்பு, கலகம் இரண்டும் ஒரே சொல் இல்லை.

வரியின் கணக்கையும் கையால் போட்டுப் பாருங்கள். 1791 சட்டப்படி கிராமத்துச் சிறு வடிசாலைக்காரர், வடிகலத்தின் கொள்ளளவில் கேலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட், அல்லது வடித்த சாராயத்துக்குக் கேலனுக்கு 9 சென்ட் கட்டவேண்டும், அதுவும் காசாக. 50 கேலன் கலம் என்றால் ஆண்டுக்கு 30 டாலர். ஆண்டு முழுவதும் ஓடும் பெரிய வடிசாலைக்கு அந்த 30 டாலர் நிறைய கேலன்களுக்குப் பரவிவிடும். அறுவடைக்குப் பிறகு சில வாரம் மட்டும் வடிக்கும் உழவருக்கு ஒவ்வொரு கேலனிலும் கனக்கும்.

இங்கே ஒரு பிரபலமான எண்ணைச் சோதித்தே பயன்படுத்த வேண்டும். ஒரு பொதிக்குதிரை, விஸ்கி வடிக்கும் ரை என்ற தானியத்தை அப்படியே ஏற்றினால் 4 புஷல்தான் சுமக்கும், விஸ்கியாக மாற்றினால் 24 புஷல் சுமக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். ரை ஒரு புஷல் சுமார் 25 கிலோ, 4 புஷல் 100 கிலோ, அது சரி. 24 புஷலிலிருந்து, புஷலுக்கு 2 கேலன் என்று குறைத்தே வைத்தாலும் 48 கேலன் வரும். கேலன் சுமார் 3.5 கிலோ, மொத்தம் 168 கிலோ, பீப்பாய் தனி. நூறு கிலோ சுமக்கும் குதிரை இதைத் தூக்காது. விஸ்கியாக மாற்றினால் எடைக்கு மதிப்பு கூடும் என்பது உண்மை, அதுவே வடித்ததற்குக் காரணம். ஆறு மடங்கு என்ற எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் தேதியின் கருத்தை அளக்கும்போது நான்கு கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். 1794 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்கப் படை வென்ற ஃபாலன் டிம்பர்ஸ் போரும் 1795 கிரீன்வில் உடன்படிக்கையும் ஒஹையோவுக்கு வடக்கே பெரும் நிலத்தைப் பழங்குடியினரிடமிருந்து எடுத்தன. ஜே உடன்படிக்கையால் 1796-இல் பிரிட்டிஷ் படை கோட்டைகளை விட்டது. 1795 அக்டோபர் 27 சான் லொரென்சோ ஒப்பந்தத்தில் ஸ்பெயின் மிசிசிப்பியைத் திறந்தது. நியூ ஆர்லியன்ஸில் சரக்கு இறக்கிவைக்க மூன்று ஆண்டு அனுமதியும் கிடைத்தது. 1788-இல் எதிர்ப்புக்குக் காரணமாக நீங்கள் எழுதியவற்றில் எது 1794–96-இல் இரண்டே ஆண்டில் மறைந்தது, எது மிஞ்சியது என்று பக்கத்தில் குறியுங்கள். ஆறும் கோட்டையும் மறைந்தன. வரியும் தூரமும் மிஞ்சின. மதுவரி 1802-இல்தான் நீக்கப்பட்டது.

எழுதும்போது

ஒவ்வொரு முடிவும் யார், எங்கே, எப்போது, எதனால் தெரிகிறது என்ற நான்கையும் தாங்கவேண்டும். “எல்லைப்புற மக்கள் வலிமையான அரசை வெறுத்தார்கள்” என்பது எழுதத்தகாத வாக்கியம். “வாஷிங்டன் கௌண்டி, பென்சில்வேனியா: 1787 டிசம்பரில் பிரதிநிதிகள் நால்வரில் இருவர் எதிர்த்தனர், எதிர்த்தவர்கள் கையெழுத்திட்ட அறிக்கை நேரடி வரியையும் தொலைதூர நீதிமன்றத்தையும் குறைகூறுகிறது” என்பது எழுதத்தக்கது. நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பட்டியலில் இல்லாதவர்களையும் எண்ணில் எழுதுங்கள். 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியில் 73,677 பேர். அதில் 12,430 பேர் அடிமைகள். அவர்களும் எல்லைப்புறத்தில்தான் இருந்தார்கள். எந்த மனுவிலும் அவர்கள் கையெழுத்து கேட்கப்படவில்லை. பெண்களுக்கும் மாநாட்டு வாக்கு இல்லை. பவர் ஹில்லில் 1794 ஜூலை 16 அன்று நெவிலின் அடிமைகள் தங்கள் குடில்களிலிருந்து தாக்கியவர்களை நோக்கிச் சுட்டார்கள் என்பது பதிவில் உண்டு. அவர்கள் புதிய அரசைக் காக்கச் சுட்டார்களா, ஆணைக்குச் சுட்டார்களா, தங்கள் குடிலில் இருந்த பிள்ளைகளுக்காகச் சுட்டார்களா என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அந்த இடத்தில் நிரப்பாமல் இடைவெளி விடுங்கள், இடைவெளி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.